பதினாறாம் அறை

நாலாம் நம்பர் மலையின் கொழுந்து மடுவத்தில்
தராசு இன்று பூச்சியத்துக்கு வர மறுக்கிறது.
தட்டில் ஒன்றுமில்லை, கொஞ்சம் ஈரம்.
திரையில் ஒன்றரைக் கிலோ.
"பேய் ஏறி நிக்குது" என்கிறார் தவசீலன்
கணக்குப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகியபடி.

அட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தேன்.
மடிக்கணினி, ஒரு வயர்,
இருபது கிலோ இரும்புப் படிக்கல்.
கல்லைச் சீட்டில் வைத்ததற்கு
கண்டக்டர் அதற்கும் டிக்கட் கிழித்தான்.

மூடியைத் திறந்தால் எறும்பு,
எறும்புக்குக் கீழே சிப்.
கரண்ட் போகும்போதெல்லாம் பூச்சியத்தை மறக்கிறது.
கரண்ட் இருக்கும்வரைதான் நிற்கும் நினைவில்
அதை வைத்திருக்கிறார்கள்,
இந்த மலைக்குக் கரண்ட்
விருந்தாளி மாதிரி வந்துபோவது தெரியாமல்.
மறக்காத நினைவு ஒரு விரற்கடை தள்ளி,
அதே சிப்புக்குள், சும்மா கிடக்கிறது.

வெறுந்தட்டுக்கு 84,213.
கல் ஏறியதும் 5,12,640.
கழித்து இருபதால் வகுத்தால்
கிலோவுக்கு 21,421 சொச்சம்.
சொச்சத்தையும் குறித்துக்கொண்டேன்.
நாளெல்லாம் பெருக்கினால் அதுவும் கொழுந்து.

எழுதுமுன் மறக்காத நினைவைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம்.
255, 255, 255.
வெறுமை என்றால் பூச்சியம் என்றுதான் நினைப்போம்.
இந்தச் சிப்பில் அப்படியில்லை,
துடைத்த அறையில் எல்லாப் புள்ளியும்
விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும்.
255, 255,
பதினாறாம் அறையில் 7.
அடுத்ததில் 208.
சேர்த்துப் படித்தால் இரண்டாயிரம்.
கிராம்.

ஐந்து கிலோவைத் தாண்டினால் மட்டும்
திரைக்கு வருமுன்பே கழிகிறது.
வெறுந்தட்டில் பார்த்தால் தெரியாது.

"இது என்ன?"
"சாக்குக்கும் தண்ணிக்கும்."
"யார் போட்டது?"
"எனக்கு முந்தி."

வரிசையின் முன்னால் நின்றவளிடம் சாக்கைக் கேட்டேன்.
கொழுந்தைப் படங்கில் கொட்டிவிட்டு நீட்டினாள்.
சொட்டச் சொட்ட நனைந்த சாக்கு,
மார்க்கரில் ஞானப்பூ என்று பெயர்.
நானூற்றுப் பத்து கிராம்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஒரு நாளைக்கு மூணு நிறுவை" என்றாள்.
பிறகு, "நேத்து எனக்குப் பதினாறு. அரைப்பேர்."
பதினெட்டு எடுத்தால் முழுப்பேர்.
நான் மடிக்கணினியில் போட்ட கணக்கு
அவளுக்கு விரலிலேயே முடிந்துவிட்டது.

என் வேலைத்தாளில் "பூச்சியம் சரிசெய்தல்" என்று மட்டும்.
பதினாறாம் அறை பற்றி ஒரு சொல்லும் இல்லை.
தவசீலனைப் பார்த்தேன்.
அவர் திரும்பி நின்று
மழை எந்தப் பக்கம் வெறிக்கிறது என்று பார்த்தார்,
ரொம்ப நேரம்.

எழுதினேன். பூச்சியம், பெருக்கெண்,
பதினாறில் 1, பதினேழில் 154.
பாதியில் கரண்ட் போனது.
மீண்டு வந்தபோது சரிபார்ப்புத் தொகை பிசகி
திரையில் பிழை, பிழை, பிழை.
வரிசை முனகியது. எனக்கு வியர்த்தது.
எறும்பை ஊதிவிட்டு மறுபடி எழுதினேன்.
வேண்டுமென்றே நானே சுவிட்சை அணைத்தேன், போட்டேன்.
பூச்சியம்.
கல்லை வைத்தால் 19.590.
கல்லுக்குச் சாக்கு இல்லை என்பது அதற்குத் தெரியாது,
ஆக, சரிதான்.

சிப்பை நம்பலாம். பல வருஷம் வைத்திருக்கும்.
ஆனால் லட்சம் முறை எழுதலாம் அதில்,
யார் எழுதுகிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்காது.
என்னிடமிருக்கும் வயர்
அட்டன் கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்.

இதை ஞானப்பூவிடம் சொன்னேன்.
என் மார்க்கரை வாங்கி
சாக்கில் தன் பெயருக்குக் கீழே 410 என்று எழுதினாள்.
பின்னால் நின்றவளும் கையை நீட்டினாள்.

"மழைக்கு அழியுமா?"
"நல்ல மார்க்கர்தான்" என்றேன்.